கல்லைத் தாங்கும் கம்பி

என் தந்தை கொத்தனார். நான்காம் ஆண்டாக இக்கல்லூரியில் படிக்கிறேன். இதுவரை இரண்டு நண்பர்களிடம் மட்டுமே இதைச் சொல்லியிருக்கிறேன். மறைக்க வேண்டுமென்று மறைத்ததில்லை. "அப்பா என்ன வேலை?" என்று யாரேனும் கேட்டால் "பில்டிங் வேலை" என்பேன். கேட்டவர்கள் காண்டிராக்டர் என்று எண்ணிக்கொண்டால் திருத்த மாட்டேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பேராசிரியர் கேட்டபோது, சோழர் கால நீர்ப்பாசனத்தைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் பிளஸ் டூ தேர்வு முடிந்தது. கல்லூரி திறக்கும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அப்பா என்னைத் தம்மோடு வேலைக்கு அழைத்துப் போனார். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. யாருடையது, எதற்கானது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். செங்கல் சுவர் எழுப்பிப் பூச்சு முடிந்திருந்தது. முகப்பு முழுவதும் கறுப்புக் கிரானைட் பதிக்க வேண்டும்.

சுவரில் கல் ஒட்டுவது அப்பாவுக்குப் புதிதன்று. சுவரைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, கல்லின் முதுகில் சாந்து அப்பி, ரசமட்டம் வைத்துத் தட்டி ஒட்டுவார்கள். ஆனால் அது சிறிய கல்லுக்கும், ஆள் உயரத்துக்கும் சரி. இரண்டாம் மாடியில் 2 அடி அகலமும் 3 அடி உயரமும் 30 மில்லிமீட்டர் கனமும் உள்ள பலகையைச் சாந்தை நம்பி ஒட்ட முடியாது. அப்படி ஒரு பலகை ஏறத்தாழ 45 கிலோ இருக்கும். வெயிலில் கல் ஒரு விதமாக விரியும், சுவர் ஒரு விதமாக விரியும். நடுவிலுள்ள சாந்து விட்டுக்கொடுக்கும்.

ஆகவே இங்கே கல்லைச் சுவரில் ஒட்டுவதே இல்லை, மாட்டுகிறார்கள். சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் முடுக்கி, அதில் முழங்கைபோல் வளைந்த கிளாம்பு ஒன்றைப் பொருத்துவார்கள். கிளாம்பின் கை வெளியே நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு துளை. அதற்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பின். பின்னின் மேல்பாதி மேலே நிற்கும் பலகையின் அடிவிளிம்பில் நுழையும். கீழ்ப்பாதி கீழே நிற்கும் பலகையின் மேல்விளிம்பில் நுழையும். ஒரு பலகைக்கு நான்கு துளைகள். அடியிலுள்ள இரண்டு கிளாம்புகள் எடையைத் தாங்கும். மேலேயுள்ள இரண்டு பின்கள் பலகை முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருப்பார்கள். வேலை முடிந்தபின் சாலையில் நின்று பார்க்கிறவருக்குக் கல்தான் தெரியும். சுவரே கல்லால் ஆனது என்று நினைப்பார். உண்மையில் அத்தனையும் காற்றில் தொங்குகிறது.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை விளிம்பில் துளை போடுவது. 30 மில்லிமீட்டர் கனத்தில் சரியாக நடுவே, அதாவது முகப்பிலிருந்து 15 மில்லிமீட்டர் உள்ளே, துளை விழ வேண்டும். முதல் இரண்டு நாள் அப்பாவே பென்சிலால் குறி வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் "நீயே வெச்சுக்கோ" என்றார். ஒரு சித்தாள் அக்கா துளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். நான் டிரில்லை அழுத்துவேன். கல்மாவு கண்ணிமையில் ஒட்டிக் காய்ந்து, இமைத்தால் உறுத்தும். நாளுக்கு 500 ரூபாய் கூலி. இரண்டாம் மாடியின் மேற்குப் பக்கத்து வரிசைகள் முழுவதும் நான் துளையிட்டவை. அந்தக் கூலியில் வாங்கிய செருப்போடுதான் இக்கல்லூரிக்குள் முதல்முறை நுழைந்தேன்.

பிறகு அந்தக் கட்டடத்தை நான் மறந்துவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் வந்து, கைப்பேசிக்கு உயிர் வந்ததும் அப்பாவுக்கு அழைப்பு வந்தது. அந்தக் கட்டடத்தின் முகப்பிலிருந்து ஒரு பலகை விழுந்துவிட்டது. இரண்டாம் மாடியில், மேற்குப் பக்கத்தில், சன்னலுக்கு இடப்புறம் இருந்த பலகை. கீழே காவலாளியின் நாற்காலி இருந்தது. அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நாற்காலி இல்லாமற்போயிற்று.

அப்பா போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். காண்டிராக்டர் உடைந்த கல்லைக் காட்டி, "துளையை நடுவே போடாமல் ஓரமாய்ப் போட்டிருக்கிறாய், அதுதான் விளிம்பு உடைந்திருக்கிறது" என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறார். வேறொரு வேலையில் அப்பாவுக்கு வரவேண்டிய 38,000 ரூபாயை நிறுத்திவிட்டார். மற்ற மேஸ்திரிகளுக்கும் செய்தி போயிற்று. தை மாதம் முழுவதும் அப்பாவை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அன்றிரவு கேட்டேன்: "அப்பா, அது நான் ஓட்டை போட்ட வரிசைதானே?"

"எந்த வரிசைன்னு எவன் எழுதி வெச்சிருக்கான்? சாப்புடு."

உடைந்த விளிம்பிலிருந்து ஒரு துண்டைச் சிமென்டுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்திருந்தார். எனக்குத் தெரியும். ஆனால் இரண்டரை மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. காவலாளி அன்று தேநீர் குடிக்கப் போகாமல் இருந்திருந்தால் என்று நினைத்து எத்தனையோ இரவு விழித்திருக்கிறேன்.

பிப்ரவரியில் தொல்லியல் பாடத்தில், பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் முறைகளைப் பற்றிப் பேராசிரியர் வகுப்பெடுத்தார். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயில். கி.மு. 447இல் தொடங்கப்பட்டது. சாந்தே இல்லாமல், பளிங்குக் கட்டிகளை இரும்புக் கவ்விகளால் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியிருக்கிறார்கள். கவ்வி உட்காரும் குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றி, இரும்பில் காற்றும் நீரும் படாமல் மூடிவிட்டார்கள். அவற்றுள் பல இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் கெடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் விழுந்த கற்களை எடுத்து நிறுத்திப் பழுதுபார்த்தார். அவரும் இரும்புதான் வைத்தார்; ஈயம் வைக்கவில்லை. அந்த இரும்பு துருப்பிடித்தது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும், பல மடங்கு. அந்த இடத்தைக் கல் கொடுத்தாக வேண்டும். பளிங்கு உள்ளிருந்தே வெடித்தது. 1975இல் ஒரு குழு அமைத்து, அந்தக் கவ்விகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத டைட்டானியம் வைத்து வருகிறார்கள்.

பேராசிரியர் பேசிக்கொண்டே போனார். என் பேனா "உள்ளிருந்தே" என்ற சொல்லோடு நின்றுவிட்டது.

அன்று மாலை நூலகத்துக் கணிப்பொறியில் மூடும்வரை இதைப் பற்றியே படித்தேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில், 2016 சனவரி 29 அன்று அடித்த புயலில் ஒரு தொடக்கப்பள்ளியின் வெளிச்சுவர் சரிந்திருக்கிறது. ஏறத்தாழ 9 டன் செங்கல். குழந்தைகள் வரும் நேரத்துக்கு முன்னால் விழுந்ததால் எவருக்கும் காயமில்லை. அந்நாட்டில் சுவரை இரண்டு அடுக்காகக் கட்டி, நடுவே இடைவெளி விட்டு, இரண்டையும் உலோகக் கம்பிகளால் பிணைப்பார்கள். அக்கம்பிகள் வெளிச்செங்கல்லுக்குள் போதிய ஆழம் நுழையவில்லை என்று 2017இல் விசாரணை அறிக்கை சொன்னது. கம்பி இருந்தது, பிடிக்கவில்லை. 2016இலேயே அந்நகரத்தில் 17 பள்ளிகளை மூடிச் சோதித்தார்கள். நம் ஊரில் கல் விழுந்தால் கொத்தனாரைத்தான் சோதிக்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனதும் நேரே கொல்லைக்குச் சென்று சாக்கைப் பிரித்தேன். துண்டின் ஓரத்தில், நெடுக்கே பிளந்த பாதித் துளை. அதன் உட்புறம் முழுவதும் காப்பிப்பொடி நிறத்தில் கறை. சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முகப்பிலிருந்து துளையின் நடு 11 மில்லிமீட்டர். இருக்கவேண்டியது 15. காண்டிராக்டர் சொன்னது பொய்யில்லை. நான் எதிர்பார்த்ததும் பொய்யில்லை.

பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். காந்தம் எதற்கு என்று வேதியியல் துறை நண்பன் சொல்லியிருந்தான். கிளாம்பு செய்யும் எஸ்.எஸ். உருக்கில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் இருக்கும். குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும். அந்த வகை உருக்கைக் காந்தம் இழுக்காது, அல்லது மிக லேசாகவே இழுக்கும். சாதா இரும்பென்றால் "டக்" என்று ஒட்டும். (கடலோரத்துக்கு அந்த எஸ்.எஸ்.கூடப் போதாது, மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும் என்றும் சொன்னான். அது எங்களுக்கு அப்போது பெரிய இடத்துப் பேச்சு.)

காவலாளி எங்களை மேலே விட்டார். சன்னல் வழியே கையை நீட்டினால் பலகை விழுந்த வெற்றிடம் எட்டியது. கிளாம்பில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. மனம் விட்டுப்போயிற்று. அப்பா, "பின்ன பாரு" என்றார். கிளாம்பின் நுனியில் கீழே நீட்டிக்கொண்டிருந்த பின், துருவேறிப் பருத்து, பாதி தின்ற முருங்கைக்காய்போல் இருந்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனதுமே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. சுவரிலிருந்த போல்ட்டும் அப்படியே.

கிளாம்பு எஸ்.எஸ்.; பின்னும் போல்ட்டும் இரும்பு. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பாட்டரி. அதில் கரைவது இரும்புதான். தனியாக இருந்தால் துருப்பிடிப்பதைவிட வேகமாகக் கரையும். பிற்பாடு காண்டிராக்டர் "எஸ்.எஸ். கிளாம்புக்குப் பில் இருக்கிறது" என்று காட்டினார். மெய்தான், இருந்தது. அந்தப் பில்லில் பின்னும் போல்ட்டும் இல்லை.

சன்னலுக்கு வலப்புறப் பலகையின் மேல்விளிம்பிலும் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியிருந்ததை அப்பாதான் கண்டார். ஒன்றும் பேசாமல் கீழே இறங்கினார். சாரத்துக் கயிறு ஒன்றைத் தேடி எடுத்து, சுவரிலிருந்து பத்தடி தள்ளி நாலு குச்சி நட்டு, சுற்றிக் கட்டினார். காவலாளியின் புது நாற்காலியைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே போட்டார். "இதுக்குள்ள யாரையும் விடாத. உங்க மொதலாளி வந்தாலும் விடாத" என்றார்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது 11 மில்லிமீட்டரைச் சொன்னேன்.

"தெரியும்டா. தூக்கி மாட்டும்போதே தெரியும்."

"அப்புறம் ஏம்பா மாட்டினீங்க?"

"நாலு மில்லிதானே, கல்லு தாங்கும்னு நெனச்சேன். நல்ல கம்பியா இருந்தா தாங்கியிருக்கும்." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டியப் பிரிக்கிறப்பவே பார்த்தேன், கம்பி கறுப்பா இருந்துச்சு. இது என்னா சார்னு கேட்டேன். வேலையப் பாரு மேஸ்திரின்னாங்க. பார்த்தேன்."

அதற்குமேல் அவரை நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன தகுதி?

கட்டடத்தின் உரிமையாளருக்கு அப்பாவே நேரில் போய்ச் சொன்னார். அவர் வெளியூரிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார். முகப்பு முழுவதையும் கழற்றுவதென்று முடிவாயிற்று. கழற்றும் வேலைக்குக் கூலி பேசி அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். நிறுத்திய பணத்தில் பாதி வந்தது. மீதி வரவில்லை, இனி வராது.

2025 மே மாதம், பி.ஏ. கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் நானும் போனேன். இறக்கிவைத்த ஒவ்வொரு பலகையிலும் துளையை அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். என் வரிசைகளில் இருபத்திரண்டு பலகைகள். ஏழில் துளை நடுவிலிருந்து விலகியிருந்தது. அவற்றில் மூன்று வெடித்திருந்தன. துளை நடுவே விழுந்த பதினைந்தில் இரண்டு வெடித்திருந்தன. அப்பா துளையிட்ட கிழக்குப் பக்கத்தில் எல்லாத் துளையும் நூல் பிடித்தாற்போல் நடுவே இருந்தன. அங்கும் நான்கு வெடித்திருந்தன.

நோட்டை அவரிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏழா?" என்றார்.

"ஏழுப்பா."

"மூணாம் நாளே உன்கிட்ட விட்டிருக்கக் கூடாது" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கழற்றிய பின்களையெல்லாம் ஒரு பால்பவுடர் டின்னில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். காந்தம் இப்போது அவர் பையில், தூக்குக்குண்டோடு கிடக்கிறது.