கடலையும் கடைவாய்ப் பல்லும்

கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் எனக்கு உயிர். ஆனால் சென்ற ஆண்டு என் கடைவாய்ப் பற்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றுக்கொண்டன. அதே சமயத்தில் நீரிழிவும் வந்து குடியேறிற்று. மெல்ல வகையில்லாமற் போகவே, ஊறிய கடலையை அரைத்து அடையாக வார்க்கச் சொன்னேன். எப்படித் தின்றாலும் கடலை கடலைதானே என்பது என் சித்தாந்தம். இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 178!

"அரைத்ததுதான் குற்றம், அப்பா" என்றாள், கல்லூரியில் உணவு விஞ்ஞானம் பயிலும் என் மகள்.

கடலைக்குள் மாவு கொட்டிக் கிடப்பதில்லையாம். நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கிறதாம். ஓர் அறையின் அகலம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அறைச் சுவர் நார்ப்பொருள்; நம்முடைய ஜீரண நீர்கள் அதைக் கரைக்கமாட்டா. முழுக் கடலையை வேகவைத்தால் அறைகளை ஒட்டியிருக்கும் பசை கரைந்து அவை தனித்தனியே பிரிகின்றனவேயன்றி, பெரும்பாலும் உடைவதில்லை. வெந்த மாவு உள்ளே சிறையிருந்து, மெள்ள மெள்ளவே சர்க்கரையாகிறது. எஞ்சியது பெருங்குடலிலுள்ள கிருமிகளுக்கு விருந்து. (அந்த விருந்தின் ஆரவாரத்தைச் சபையில் சொல்லலாகாது.) பச்சையாக அரைத்தாலோ சுவரே நொறுங்கிவிடுகிறது. 1981-இல் டொராண்டோவில் ஜென்கின்ஸ் குழுவினர் 62 உணவுகளைப் பரீட்சித்தபோது, சர்க்கரையை மிகக் குறைவாக ஏற்றியவற்றுள் பயறு வகைகள் இருந்தன.

"அப்படியானால் வேகவைத்த பிறகு மசித்தால்?" என்று கேட்டாள் என் மனைவி. அதுவே யுக்தி! மறுவாரம் அதே அளவு கடலையை மசித்து உண்டேன், 143. ஒரே ஒரு தடவைப் பரீட்சைதான். ஆயினும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாவில் மணல்போல் நெருடியவை அந்த உடையாத அறைகளே என்றாள் மகள்.

என் மனைவி உற்சாகப்படவில்லை. மகளுக்கு இரத்தசோகை, வைத்தியர் மாத்திரை கொடுத்திருந்தார். "இரும்புச்சத்தும் அந்தச் சிறைக்குள்தானே இருக்கிறது?" என்றாள்.

மகள் சற்று விழித்தாள். என் சர்க்கரையைப் பற்றிப் படித்தவள் தன் இரத்தத்தைப் பற்றி யோசிக்கவில்லை. ஆம், எனக்கு எது காவலோ அதுவே அவளுக்குத் தடை. போதாததற்கு, கடலையிலுள்ள பைட்டிக் அமிலமும் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. முளைகட்டினால் அது குறையும்; நெல்லிக்காயின் புளிப்பிலுள்ள வைட்டமின் ஸி இரும்பை உடலில் சேர்க்கத் துணைபுரியும்.

அன்று முதல் ஊறிய கடலை இரண்டாகப் பிரிகிறது. என் பங்கு குக்கருக்கு. அவள் பங்கு முளைகட்டி, ஆட்டுக்கல்லுக்கு. மாத்திரையும் நிற்கவில்லை. நேற்று அடை வாசனை கூடம் வரையில் வந்தது. ஒரு விள்ளல் கேட்டேன். நெல்லிக்காய்த் துவையலோடு தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.