காது ஒன்றும் கடையில் கிடைக்காது!

சிங்கப்பூருக்கு வரும் உறவுக்காரர்கள், "கிளார்க் கீ போகலாமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. ராத்திரியானால் ஆற்றங்கரை முழுக்க வண்ண விளக்குகள், ஆட்டம், பாட்டு! ஒரு காலத்தில் அது சரக்குக் கிடங்குகள் நிறைந்த படகுத்துறை. 1977-ல் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். 1983-ல் சரக்குப் படகுகளை அப்புறப்படுத்தினார்கள். 1993-ல் அந்தப் பழைய கிடங்குகளே கேளிக்கைத் தலமாகிவிட்டன.

அங்குள்ள மதுக்கூடங்களுக்குத்தான் எத்தனை வேஷம்! முன்பு ஒன்று ஆஸ்பத்திரி மாதிரியே இருந்தது. உட்காரத் தங்க நிறச் சக்கர நாற்காலி, குடிக்க சலைன் பையில் மது! இப்போது அது இல்லை. ஆனால் அங்கே மேடையேறி வாசிக்கும் பிள்ளைகளுக்கு நிஜமாகவே டாக்டர் தேவைப்படுகிறார்.

என் சின்ன மகன் அங்கே ஒரு மதுக்கூடத்தில் வாரத்தில் நாலு ராத்திரி டிரம்ஸ் வாசித்து வந்தான். "பையன் குடிக்கப் பழகிடப் போறான்" என்று அக்கம்பக்கத்தாருக்குக் கவலை. அவன் தொடுவதே இல்லை. என் கவலை வேறு. டி.வி.யை அலற விடுவான். மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவான். ஒரு நாள் விடியற்காலையில், "காதுக்குள்ளே கொய்ங்னு கேட்டுக்கிட்டே இருக்கும்மா, தூக்கமே வரலே" என்றான்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "நல்லெண்ணெயைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடேன்" என்றார். "வேண்டாம் அத்தை, டாக்டர்கிட்டே காட்டிடலாம்" என்று கையோடு அழைத்துப் போனேன்.

டாக்டர் சொன்னது தாய்மார்கள் எல்லோருக்கும் உபயோகப்படும். ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் 3 டெசிபல் கூடக் கூட, நேரம் பாதிபாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம்தான்! இசைக்குழு வாசிக்கும் கூடத்தில் 100 டெசிபல் சர்வசாதாரணம். சத்தத்தை அதற்குள் கட்டுப்படுத்த வேண்டும், காதடைப்பான் கொடுக்க வேண்டும், ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இத்தகைய கூடங்களுக்கு வழிமுறை வகுத்திருக்கிறது.

பரிசோதனையில் மகனுக்குக் கீச்சொலிகள் கேட்பது கொஞ்சம் குறைந்திருப்பது தெரிந்தது. "போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றலாம்" என்றார் டாக்டர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 24 வயதுப் பிள்ளை! மதுக்கூடத்துக்காரரோ, "சத்தம் குறைஞ்சா கூட்டமும் குறையும்" என்று கையை விரித்துவிட்டார். நாலு ராத்திரியை இரண்டாக்கிக்கொண்டான் மகன். வரும்படி குறைந்தது, போகட்டும். இசைக் கலைஞர்களுக்கென்றே உள்ள காதடைப்பானைப் போட்டுக்கொள்கிறான். "சத்தம்தாம்மா குறையுது, பாட்டு நல்லாவே கேட்குது" என்கிறான்.

கிளார்க் கீயானாலும் சரி, கல்யாண வீட்டு ஸ்பீக்கரானாலும் சரி, காதுக்கு எல்லாம் ஒன்றுதான். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காராதீர்கள். அவ்வப்போது வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். பஞ்சு வைப்பதால் பெரிய பலனில்லை. கைக்குழந்தையை அந்த இரைச்சலுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். மறுநாளும் 'கொய்ங்' ஓயாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, அன்றைக்கே ஓடுங்கள்!