எழுதாச் சட்டமும் ஒரு கைகுலுக்கலும்

விளையாட்டுச் செய்தி என்றால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று தேடுவதே நம்மில் பலருக்கும் வழக்கம். சிகாகோ நகரின் லொயோலா பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்துக் குழுவின் வரலாற்றை வாசிக்கப் புகுந்தபோது நாமும் அதையே தேடினோம். நாம் கண்டதோ அதனினும் பெரிது.

இயேசு சபைத் துறவியர் 1870-ஆம் ஆண்டில் தோற்றுவித்த கல்விச்சாலை அது. 1963-இல் அதன் குழுவுக்கு ஜார்ஜ் அயர்லாந்து என்பார் பயிற்சியாளர். கறுப்பின மாணவரை ஒருவர் இருவருக்கு மேல் களமிறக்கப் பல கல்லூரிகள் தயங்கிய காலம். அவரோ ஜெரி ஹார்க்னெஸ், லெஸ் ஹன்டர், விக் ரௌஸ், ரான் மில்லர் என்னும் கறுப்பின இளைஞர் நால்வரையும், ஜான் ஈகன் என்னும் வெள்ளை இளைஞரையும் ஒருசேர நிறுத்தினார். குழுத் தலைவர் ஹார்க்னெஸுக்கு நிறவெறியரிடமிருந்து மிரட்டல் கடிதங்கள் வந்தன.

அவ்வாண்டு தேசியப் போட்டியில் அவர்களை எதிர்க்க வேண்டியிருந்தது மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம். வெள்ளையர் மட்டுமே கொண்ட குழு. கறுப்பர் இடம்பெறும் குழுவோடு ஆடலாகாது என்பது அம்மாநிலத்தில் எழுதப்படாத சட்டம். அதன் பொருட்டே 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தம் வட்டாரத்தில் முதன்மை பெற்றும் தேசியப் போட்டிக்குச் செல்லாது நின்றனர். 1963-இல் பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வர்டு, குழுவை அனுப்பத் துணிந்தார். ஆளுநர் ராஸ் பார்னெட் எதிர்த்தார். நீதிமன்றத் தடையாணையும் பிறந்தது. ஆணை கைக்கு வந்து சேருமுன் பயிற்சியாளர் பேப் மக்கார்த்தி மாநில எல்லையைக் கடந்தார்; மறுநாள் மாணவர்கள் விமானமேறினர்.

மார்ச் 15. மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் நகர். ஆட்டம் தொடங்குமுன் மிசிசிப்பிக் குழுத் தலைவர் ஜோ டான் கோல்டும் ஹார்க்னெஸும் கைகுலுக்கினர். புகைப்படக் கருவிகள் மின்னின. லொயோலா 61-51 என வென்றது.

எட்டு நாட்களுக்குப் பின் லூயிவில் நகரில் இறுதியாட்டம். முந்திய ஈராண்டும் வாகை சூடிய சின்சினாட்டி குழு ஒரு கட்டத்தில் 15 புள்ளிகள் முன்னே நின்றது. தளராது போராடிய லொயோலா, ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொணர்ந்தது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ரௌஸ் கூடையில் இட்ட பந்தால் 60-58 என வெற்றி கிட்டியது. முதலில் இறங்கிய ஐவரே இறுதிவரை ஆடினர்.

அக்குழு 2018-இல் மீண்டும் தேசியப் போட்டியின் கடைசி நான்கு குழுக்களுள் ஒன்றாயிற்று. அதன் ஆன்மகுருவாய்ப் பணியாற்றிய அருட்சகோதரி ஜீன், அப்போது 98 வயதினர், சக்கர நாற்காலியில் வந்து இளைஞரை ஊக்கியதை உலகே கண்டது. 2025-இல் தம் 106-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

எனினும் நம் நெஞ்சில் நிலைப்பது அந்தக் கைகுலுக்கலே. கோல்டு 2011-இல் காலமானபோது, ஹார்க்னெஸ் நெடுந்தொலைவு சென்று இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். பேழையருகே அந்தப் பழைய புகைப்படம் வைக்கப்பட்டிருந்தது.

அவ்விளைஞர் விரும்பியது விளையாட மட்டுமே. தடையை வகுத்தவர் பெரியோர். அதைத் தாண்ட வழிவிட்டவரும் பெரியோரில் சிலரே. பெற்றோராகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். யாரோடு பழகலாம், யாரோடு கூடாது என்று நாம் வாயால் சொல்லாமலே, முகக்குறிப்பால் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடும் சட்டங்கள் எத்தனை? அவற்றை எண்ணிப் பார்க்கும் இல்லத்தில் பிள்ளைகளின் கை தயங்காமல் நீளும்.