அந்த வரியைச் சொன்னது யார்?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் நூலாக வந்தது. 1997இல் அவர் இறக்கும்வரை அதைத் தேடிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்று இன்ஸ்டாகிராமில் அதன் அட்டைப்படம் அடிக்கடி கண்ணில் படுகிறது. மெடானும் பினாங்கும் வருகிற நாவல் என்பதால் நம்ம ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் ஆசை. தொங்கான் புயலில் சிக்கும் பகுதியைப் பற்றி யாராவது எழுதினால், உடனே நாலு பேர் "புத்தகம் எங்க கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். இங்கே தமிழ்ப் புத்தகம் வாங்கப் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்தப் பகிர்தலில் ஒன்று உறுத்துகிறது.

நான் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், அந்த நாவலின் இரண்டு வரிகளை ஒருவர் அழகான படமாக்கிப் போட்டார். தமிழரின் பழம்பெருமையைக் கேலி செய்யும் வரிகள். கீழே ஆசிரியர் பெயர். பத்து நிமிடத்தில் சண்டை. "இந்த ஆளு தமிழ் விரோதியா?" என்றார் ஒருவர். "சரியாத்தானே சொல்லியிருக்காரு" என்றார் இன்னொருவர். இருவருமே சிங்காரத்திடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நாவலில் அதைப் பேசுவதோ பினாங்கில் கூடும் இளைஞர்கள். ஒருவரை ஒருவர் சீண்டுகிறார்கள், மறுக்கிறார்கள், சிரிக்கிறார்கள். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளும் பாண்டியன்தான் மதுரைத் தெருக்களை நினைத்து உருகுகிறவனும்.

படத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். அந்த இடம் ஆசிரியருக்குப் போய்விடுகிறது. பாத்திரம் காணாமல் போகிறது. அவன் வாயில் வந்தது ஆசிரியரின் தீர்ப்பாகிவிடுகிறது. அதற்கு ஒரு லைக் அல்லது ஒரு திட்டு. நாவல் நமக்குத் தருவதே, ஒரே விஷயத்தைப் பல குரல்களில் கேட்கும் பொறுமையைத்தானே?

கதை எழுதுகிற நமக்கும் இது வந்து இடிக்கிறது. தோட்டத்து அப்பா ஒருவர் மகளை அடக்கிப் பேசும் வசனத்தை எழுதும்போது, நாளைக்கு இது என் பெயரோடு தனியாகச் சுற்றுமோ என்று கை தயங்குகிறது. அந்தப் பயத்தில் வசனத்தை மழுக்கினால் அப்பா பொய்யாகிவிடுவார். மகள் பட்ட வலியும் பொய்யாகிவிடும்.

பகிராதீர்கள் என்று சொல்லமாட்டேன். நல்ல புத்தகங்கள் இப்போது அப்படித்தான் கைக்கு வருகின்றன. வரிக்குக் கீழே, யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று இன்னொரு வரி சேர்த்துப் போடலாம். படம் கொஞ்சம் நெருக்கடியாகத்தான் இருக்கும். பரவாயில்லை.