ரெண்டு கோடு

கே.கே. நகர் முனுசாமி சாலைப் பக்கம் நான் போகும் மெடிக்கலில் நாப்கினுக்குக் கறுப்பு கவர், பிரெக்னன்ஸி கிட்டுக்கு நியூஸ்பேப்பர். ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்டதில்லை. "ஒண்ணா ரெண்டாக்கா?" என்று மட்டும் அந்தப் பையன் கேட்பான். இரண்டு வருடத்தில் அவனுக்கே என் தேதி மனப்பாடம்.

அந்தப் பட்டையில் வரும் இளஞ்சிவப்புக் கோடு பெரும்பாலும் சாயம் இல்லை, தங்கம். எம்.எஸ்ஸி. இயற்பியலில் படித்தது. படித்தது வேறு, பாத்ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் அதற்காகக் காத்திருப்பது வேறு.

தி.நகர் உஸ்மான் ரோட்டில் மஞ்சளாக மின்னும் அதே தங்கத்தை 40 நானோமீட்டர் அளவு உருண்டைகளாக்கி, ஆன்டிபாடி பூசிக் காயவைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே சுமார் 2000 உருண்டைகளை அடுக்கலாம். அவ்வளவு சின்னதாகிவிட்டால் தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. ஒளி அலை வந்து மோதும்போது அதன் எலக்ட்ரான்கள் மொத்தமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகின்றன. இடுப்புக் குடத்துத் தண்ணீர் மாதிரி. நம் நடையும் தண்ணீரின் தளும்பலும் ஒத்துப்போய்விட்டால் பாதித் தண்ணீர் புடவையில்தான். இந்த உருண்டைக்கு அப்படி ஒத்துப்போவது 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளி. பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்பார்கள். தன்னைவிடப் பல மடங்கு நீளமான அலையை, தன்மேல் விழுவதை மட்டுமல்ல, பக்கத்தில் போவதையும் சேர்த்து அது இழுத்துக்கொள்கிறது. பச்சை போனால் மிச்சம் கண்ணுக்குச் சிவப்பு. ஒரு சாய மூலக்கூறு விழுங்குவதைவிட இது பல ஆயிரம் மடங்கு. அதனால்தான் மூக்குத்திக்குக்கூடக் காணாத தங்கத்தில் கோடு போட முடிகிறது.

சிறுநீர் ஊறி ஏறும்போது உருண்டைகளும் கூடவே போகும். எச்.சி.ஜி. ஹார்மோன் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 'டி' கோட்டில் மாட்டிக்கொள்ளும். மற்றவை 'சி' கோட்டில். 'சி' எப்போதும் வரும். பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. மாதாமாதம் எனக்கு வந்தது அந்த ஒற்றைக் கோடு. அதுவும் தங்கம்தான்!

ஊரிலிருந்து வந்த அத்தை, "விசேஷம் உண்டா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு டப்பாவை நீட்டினார். தங்க பஸ்பம். "எம்.ஜி.ஆரே சாப்ட்டாராம், அந்த நிறம் சும்மாவா வந்துச்சு?" செங்கல் பொடி மாதிரி இருந்தது. தங்கத்தைப் பொடித்தால் சிவக்கும் என்று நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. சாப்பிடவில்லை. அத்தையிடம் சாப்பிட்டதாகச் சொல்லவும் இல்லை.

போன ஆடியில் ஒரு காலை, 'டி' இடத்தில் ஏதோ இருந்தது. நிழல் மாதிரி. இவரை எழுப்பிக் காட்டினேன். ட்யூப்லைட்டுக்கு நேராக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

கோடு மங்கல் என்றால் மாட்டிக்கொண்ட உருண்டைகள் குறைவு, அவ்வளவுதான். இருக்கிறது என்பது இருக்கிறதுதான். ரத்தப் பரிசோதனையில் எச்.சி.ஜி. 38 என்று வந்தது. இரண்டு நாள் கழித்து 14. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், கெமிக்கல் பிரெக்னன்ஸி. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டையை வீசவில்லை. மைக்கேல் ஃபாரடே 1850களில் லண்டனில் தயாரித்த தங்கக் கரைசல் இன்னும் புட்டியில் சிவப்பாகவே இருக்கிறது. வெளுக்க அது சாயம் இல்லை. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாத வரை நிறம் அப்படியே நிற்கும்.

என்னுடையது நகைப் பெட்டியில், அம்மா போட்ட ஆரத்துக்கு அடியில், ஜிப் கவரில் இருக்கிறது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஆரத்தை எடுத்தபோது கூடவே வந்துவிட்டது. நான் உள்ளே வைப்பதற்குள் இவர் வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இப்ப தெரியுது," என்றார்.