பல் மருத்துவக் கல்லூரி: கட்டடத்தைப் பார்க்காதீர்கள்

பி.டி.எஸ். கவுன்சலிங்கில் கல்லூரி வரிசை போடப்போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு பல் மருத்துவராகச் சொல்கிறேன்.

நுழைவாயில் வளைவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் போய் நில்லுங்கள். எத்தனை பேர் சீட்டு வாங்கிக் காத்திருக்கிறார்கள்? எத்தனை நாற்காலிகளில் தண்ணீரும் சக்‌ஷனும் வேலை செய்கின்றன? மாணவர் சொத்தையைக் குடையும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறாரா?

நான்கு ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. தொடக்கத்தில் மெழுகில் பல் செதுக்குவோம். மூன்றாம் ஆண்டில் நிஜ நோயாளி வாய் திறந்து உட்காருவார். நோயாளியே வராத கல்லூரியில் கை பழகாது.

இடம் கிடைத்தால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகளுக்கே முதலிடம் கொடுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

தனியார் என்றால் கருவிகள், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஐந்தாண்டுக் கணக்குப் போடுங்கள். கடனை அடைப்பதற்காக நோயாளியைப் பார்க்கும் நிலை எந்த இளம் மருத்துவருக்கும் வரக் கூடாது.

சேரும் முன் அங்கே பயிற்சியில் இருப்பவர்களிடம் பேசிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.