கஞ்சமலைக் கருமணல்

மழை விட்ட மறுநாள் கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் கருமணல் கோடுகோடாகப் படிந்து கிடக்கும். ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி அந்த மணலில் இழுத்துக்கொண்டு போவோம். பத்தடி போவதற்குள் காந்தம் முள்ளம்பன்றிபோலச் சிலிர்த்துக்கொள்ளும். அப்புச்சி அதை வழித்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கையில் வைப்பார். "இதக் காய்ச்சித்தான் கண்ணு அந்தக் காலத்துல அருவா அடிச்சாங்க." பார்த்தால் ஒரு பிடி மணல், கை தாழ்ந்துபோகும். அந்தக் கனம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

பிறகொரு நாள் திசைகாட்டி ஒன்று கிடைத்தது. மலைப்பாறைமேல் வைத்ததும் முள் வடக்கை மறந்து பாறைப் பக்கம் சாய்ந்தது. அதற்குமேலும் அந்த முள்ளை இழுக்க ஒன்று உண்டு என்பதை மிகவும் பிந்தித்தான் படித்தேன்: வெயில்!

1722-இல் லண்டனில் ஜார்ஜ் கிரகாம் என்ற கடிகாரக்காரர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து, அது நாள்தோறும் இம்மி அளவு போய்த் திரும்புவதைக் கண்டார். எத்தனை பொறுமை! காரணம் தலைக்குமேல் சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே காற்று வெயிலில் மின்னேறிப் பூமியின் காந்தப்புலத்தைக் குறுக்கே கடக்கிறது. டைனமோவில் போல மின்னோட்டம் பிறக்கிறது. பொழுது சாய்ந்தால் அது ஏறக்குறைய அடங்கிவிடுகிறது.

நம் பக்கம் இதற்குத் தனி வேகம். காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போவதால், அதன்மேல் நடுப்பகலில் மின்னோட்டம் ஒரு குறுகிய ஆறாகக் கிழக்கே பாய்கிறது. சேலம் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலாக வடக்கே, ஏறக்குறைய அந்த ஆற்றின் கரையில். இங்கே முள்ளின் திசையைவிட இழுக்கும் வலுதான் மதியத்தில் கூடுகிறது. மொத்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. கூடுவது சில பத்துகள்தாம். திருவனந்தபுரத்தில் இருந்த ஜான் ஆலன் பிரவுன் என்ற ஆய்வாளர், இந்த அசைவுகளையும் குறிக்க 1855-இல் அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வகம் வைத்தார். எனக்கு அவர்மேல் தீராத பொறாமை.

சூரியன் சீறினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் உலகம் முழுவதற்கும் பொதுவாக மாதத்துக்கு ஐந்து அமைதி நாட்களைத் தேர்ந்து வைக்கிறார்கள். அந்த நாட்களில் புலத்தின் வலுவைக் காட்டும் கோட்டைப் பார்க்க வேண்டும்: காலையில் எழுந்து, உச்சிக்குச் சற்று முன் மேடிட்டு, மாலையில் தணிகிறது. ஒரு புயலும் இல்லாத நாளின் வெயில் மட்டும் வரைந்த கோடு.

அந்த ஸ்பீக்கர் காந்தம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓரத்தில் கருமணல் ஒட்டியிருக்கிறது; நான் துடைப்பதில்லை.